நூல் தெரிகிற வெளிச்சம்

சாலமோனுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை உண்டு. மறைமலைநகரில் கார்களுக்கு ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் அவர்தான் கடைசி மேசைக்காரர். கறுப்பு ரப்பர் வளையங்கள் தட்டுத் தட்டாக அவர் முன்னால் வரும். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுழற்றி, மயிரிழை வெட்டோ ஊசிமுனைப் பள்ளமோ எதுவானாலும் பிடித்துவிடுவார். அவர் கையைத் தாண்டினால் அது நேராகக் காருக்குள் போய்விடும். அப்பா அப்பாசாமி அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தே காலத்தை ஓட்டினவர். "எங்கப்பன் முதுக வெச்சு சோறு போட்டான், நான் கண்ண வெச்சுப் போடுறேன்" என்பது கம்பெனி பஸ்ஸில் சாலமோன் அடிக்கடி எடுத்துவிடும் வசனம். அது தொடங்கும்போதே பக்கத்து சீட்டுக்காரர் தூங்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. சூப்பர்வைசர் மோசஸ் எப்போதாவது, யாருக்கும் தெரியாமல், நல்ல வளையங்களுக்கு நடுவே ஒரு கெட்ட வளையத்தைச் சொருகிவிடுவார். அதற்குத் திருட்டுப் பீஸ் என்று பெயர். பார்க்கிறவன் நிஜமாகவே பார்க்கிறானா, இல்லை கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறானா என்று தெரிந்துகொள்ளத்தான். பிடித்துவிட்டால் பாராட்டு எதுவும் கிடையாது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். தவறவிட்டால் மேசையை மாற்றிவிடுவார்கள். சாலமோன் தவறவிட்டதில்லை. பிடித்த நாட்களிலெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் கதையைச் சொல்லாமல் காபி குடித்ததும் இல்லை.

இவ்வளவு பெரிய கண்காரர், தன் வீட்டிலேயே ஒருத்தியின் கண் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது பொத்தேரியிலிருந்து திரும்பி வந்த ஒரு வெள்ளை நைலான் நூல்.

அவர் மனைவி வரலட்சுமி இடியாப்பம் போடுகிறவள். சர்ச் தெருப் பையன் அம்மன் கோயில் தெருப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது காலனியில் இரண்டு தெருவும் சில நாள் முறுக்கிக்கொண்டன. மகள் ஜாக்குலின் பிறந்ததும் முறுக்கு தானாகத் தளர்ந்தது. அவள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு, சும்மா உட்கார முடியாமல் வரலட்சுமி பிடித்துக்கொண்ட வேலை இது. பொத்தேரியில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தும் ஷபானா, தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இடியாப்பத்தை வாங்கிப் போவாள். வரலட்சுமியின் கைக்கு அந்தப் பக்கம் ஒரு பேர் இருந்தது. தேங்காய்ப்பால் தீர்ந்து போனாலும் வெறும் இடியாப்பத்தையே பிள்ளைகள் தின்றுவிட்டுப் போவார்கள் என்று ஷபானா சொல்வாள். அதைக் கேட்கும் நாளில் வரலட்சுமி கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். படிக்காதவள், வெளியே வேலைக்குப் போகாதவள். அவளுக்கென்று ஊரில் இருந்த ஒரே பேர் அதுதான்.

அந்த ஷபானா ஒருநாள் காகிதத்தில் மடித்த நூலோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பையன் வாய்லேருந்து இத்த இழுத்து எடுத்திருக்கான். போட்டோ எடுத்து அவங்க குரூப்ல போட்டுட்டான். கொஞ்ச நாளு நான் வேற எடத்துல வாங்கிக்கறேன். நீங்க மொதல்ல கண்ண காட்டுங்க அக்கா."

மாவு மூட்டையைத் தைத்த நூல். இடியாப்ப இழையோடு இழையாகப் படுத்திருந்தால் எது நூல், எது இழை என்று யாருக்கும் சட்டென்று தெரியாதுதான். ஆனால் இத்தனை வருஷம் வரலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அவள் உள்ளே போய், காலிப் பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மறுபடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, கிளாக்கோமா என்றார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்கவில்லை. போன பார்வை போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கிளம்பும்போது இரண்டு வார்த்தை சொன்னார்: "அடுப்படியில வெளிச்சம் நல்லா வெச்சுக்குங்க. ஆனா கண்ணுல அடிக்கிற மாதிரி, பளபளன்னு வேணாம்." சாலமோன் முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஆம்பிளைகள் பாதிப் பேர் இப்படித்தான். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் மீதிப் பேச்சு காதில் ஏறாது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், வரலட்சுமி நிற்கும் இடத்தில் மேடையைப் பார்த்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அப்படி அவர் நின்றதே இல்லை. பின்னால் கூரையின் நடுவில் டியூப் லைட் எரிந்தது. முன்னால் மேடைமேல் அவருடைய நிழல் தலையும் தோளுமாக விழுந்து, கத்தி, பலகை, மாவுக் கிண்ணம் எல்லாவற்றையும் மூடியது. இடது பக்கம் நகர்ந்தார். நிழலும் கூடவே நகர்ந்தது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நிழலுக்குள்ளேயே கையை விட்டு அவள் இத்தனை காலம் சமைத்திருக்கிறாள்.

யாரைக் குறை சொல்வது? அந்த வீடு குடிசையாக இருந்த காலத்தில் அரசாங்கம் ஒரு குடிசைக்கு ஒரு பல்பு கொடுத்தது. அது முன்பக்கம் தொங்கியது, அடுப்புக்குக் கதவு வழியாகக் கசிந்ததுதான் வெளிச்சம். பிறகு தளம் போட்டபோது, எல்லாரும் செய்வதைப் போல அறைக்கு நடுவில் ஒரு லைட்டை மாட்டினார்கள். நடுவில் நின்று யார் சமைக்கிறார்கள் என்று எந்த மேஸ்திரியும் கேட்பதில்லை, நிற்கிறவளையும் கேட்பதில்லை. கம்பெனியில் சாலமோனின் மேசைக்கு விளக்கு எங்கே இருந்தது? முன்னால், நெற்றிக்குச் சற்று மேலே. கையின் நிழல் கூட வளையத்தின்மேல் விழாது. அதே மனிதர் வீட்டுக்கு வந்து, நிழலுக்குள் பிசைந்த மாவைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்கு நான் கம்பெனி மாரி லைட்டு போட்டுத் தரேன்" என்றார் மனைவியிடம். "ஒரு புள்ளி தப்பாது. ஷபானா தானா தேடிகினு வருவா, பாரு."

வயரிங் வேலைக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து தீனா வந்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கடலுக்குப் போகப் பிடிக்காமல் மாமல்லபுரம் ரோட்டில் ரிசார்ட்டுகளுக்கு லைட் போட்டுக்கொண்டிருப்பவன். சாலமோன் தன் திட்டத்தை மேடையில் சாக்பீஸால் கோடு போட்டே காட்டினார். மேல் அலமாரியின் அடிப்பக்கம், முன் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு பட்டை லைட். அடுப்புக்கு மேல் தனியாக ஒன்று. நடுக்கூரை லைட் அப்படியே இருக்கட்டும், ஆனால் வேலை பார்ப்பது முன் லைட்டில்.

"அண்ணாத்த, ப்ளான் சோக்கா கீது" என்றான் தீனா. "ஆனா இந்தக் கறுப்புக் கல்ல வெச்சுகினு எத்தினி லைட்டு போட்டாலும் முயுங்கிடும். ரிசார்ட்டுல பாத்துக்கீறியா? மேல கீய எல்லாம் வெள்ள. ஒரு லைட்டு போட்டா நாலு லைட்டு போட்ட மாரி."

சாலமோனுக்கு அது சட்டென்று மனதில் ஒட்டிக்கொண்டது. அவருடைய கம்பெனி மேசையும் வெள்ளைதானே! பளிச்சென்ற வெள்ளை மேசை, வெள்ளை வெளிச்சம். அதில்தானே அவர் மயிரிழை வெட்டைப் பிடித்தார்! பழைய கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்து, கொல்லையில் குழாயடியில் துணி துவைக்கப் போட்டார்கள். அந்த இடத்தில் பாலைப் போல ஒரு வெள்ளைக் கல் உட்கார்ந்தது. சுவருக்கு முகம் தெரியும் வெள்ளை டைல்ஸ். எல்லாம் முடிந்து தீனா ஸ்விட்சைத் தட்டியதும் அறையே திடுக்கிட்டதைப் போல வெளுத்தது.

வரலட்சுமி வாசற்படியில் நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி மாரி கீது" என்றாள்.

"நல்லா கீதா, இல்லியா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள்.

சாலமோனே பொத்தேரிக்குப் போய் ஷபானாவிடம் பேசினார். புது விளக்கைப் பற்றியும் சொன்னார், விளக்கைவிட அதிகமாகத் தன் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஷபானா தன்மையானவள். மறுவாரத்திலிருந்து கொஞ்சமாக எடுக்கிறேன், ஆனால் இன்னொரு தரம் இப்படி நடந்தால் அத்தோடு சரி, நானும் பிழைக்க வேண்டுமே என்றாள். மாவையும் இனி மூட்டையில் வேண்டாம் என்று மில்லிலிருந்து டிரம்மில் வரும்படி ஏற்பாடானது.

ஷபானா வருவதற்கு முந்தின நாள் வரலட்சுமி ஒத்திகையாக ஒரு ஈடு போட்டாள். அவளுடைய வேலை இப்படி: வெந்த இடியாப்பத்தைத் தட்டிலிருந்து அப்படியே கழுவின மேடைக் கல்மேல் கவிழ்ப்பாள். ஆவி அடங்கியதும் ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்து, ஒருமுறை விரலால் தொட்டு, டப்பாவில் அடுக்குவாள். அன்று அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் சாலமோன் ஒரு காரியம் செய்தார். ஷபானா காகிதத்தோடு விட்டுப்போயிருந்த அந்த நைலான் நூலை எடுத்து, கவிழ்த்து வைத்திருந்த ஓர் இடியாப்பத்தின்மேல் இழையோடு இழையாகக் கிடத்தினார். கம்பெனிப் புத்தி. தன் விளக்கு ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கும் ஆசை.

வரலட்சுமி வந்தாள். குனிந்தாள். முதலாவதை எடுத்தாள், அடுக்கினாள். அடுத்ததை எடுத்தாள். நூல் கிடந்ததையும் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, விரலால் தடவி, டப்பாவில் வைத்தாள். ஈர இழைகளுக்கு நடுவில் நூலும் ஈரமாகிப் படிந்திருந்தது.

அவள் அடுப்பை அணைக்கத் திரும்பியபோது சாலமோன் டப்பாவிலிருந்து நூலை உருவி மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இத்தனை வெளிச்சத்திலும் தெரியவில்லை என்றால் வெளிச்சம் என்ன செய்யும்? முடிந்து போயிற்று. கம்பெனியாக இருந்தால் மேசையை மாற்றிவிடுவார்கள். இவளை எந்த மேசைக்கு மாற்றுவது?

மறுநாள் பஸ்ஸில் அவர் வசனம் எதுவும் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரிக்கும் அளவுக்கு அமைதியாக வந்தார். ஷபானாவிடம் தானே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். இன்னொரு பையன் வாயிலிருந்து நூல் வந்து, நாலு பேர் சிரித்து, அது வரலட்சுமி காதுக்கு எட்டுவதைவிட இப்போதே நிறுத்திவிடுவது மேல். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. இறங்கி வீடு வரைக்கும் தேடிக்கொண்டே நடந்தார்.

சமையலறையில் ஆள் இல்லை. புது விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. அடுப்பில் மட்டும் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

குழாயடியில் வரலட்சுமி மணைக்கட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். துணி துவைக்கப் போட்டிருந்த கடப்பாக்கல்லைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, அதன்மேல் இடியாப்பங்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். சாய்ந்த வெயில் வேப்பமரத்து வழியாக எதிரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சாலமோனுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"இன்னா வரலு இது? அம்மாம் பாடுபட்டு உள்ள மேடை போட்டு வெச்சா, நீ தொவைக்கிற கல்லுல கொண்டாந்து போட்டுகினு கீற?"

அவள் நிமிரவில்லை. "அங்க எனக்கு ஒண்ணும் தெர்லய்யா."

"அவ்ளோ வெளிச்சத்துலயா தெர்ல?"

"வெளிச்சம் கீது. எல்லாம் வெள்ளையா கீது. எது மாவு, எது கல்லு, எது தட்டு ஓரம், ஒண்ணும் புரில. செவுரு வேற மூஞ்சில அடிக்குது. கைய விட்டுத் துழாவிகினு கீறேன். முந்தாநேத்து தட்டுன்னு நெனச்சு ஆவில கைய வெச்சிட்டேன்." புறங்கையைத் திருப்பிக் காட்டினாள். சிவந்து தோல் உரிந்திருந்தது.

"ஏன் சொல்லல?"

"நீ ஆசையா செஞ்ச. பொழுதுக்கும் அத்தயே பேசிகினு இருந்த. எப்டி சொல்றது?"

சாலமோன் கல்லைப் பார்த்தார். கறுப்புக் கல்லின்மேல் இடியாப்பம் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது, ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே மாவு கட்டியாக நிற்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே அவரால் சொல்ல முடிந்தது. கம்பெனியில் மேசையை வெள்ளையாக வைத்தது வெள்ளை நல்லது என்பதற்காகவா? ரப்பர் கறுப்பு, அதனால்தானே! வருஷக்கணக்காகக் கறுப்பையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் கறுப்பு என்றே அவர் கண் நம்பிவிட்டது. அவளுக்கோ அரிசி, மாவு, தேங்காய், உப்பு எல்லாமே வெள்ளை. அவள் கையிலிருந்த ஒரே கறுப்பையும் பிடுங்கிக் கொல்லையில் போட்டுவிட்டு, மேலே விளக்கைப் போட்டிருக்கிறார். டாக்டரம்மா சொன்ன இரண்டாவது வார்த்தை அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"எழுந்து போய் மூஞ்சி கழுவு" என்றாள் வரலட்சுமி. "ஷபானா வர்ற நேரம்."

அன்று கொடுத்த இடியாப்பத்தை அவளும் பார்த்தாள், அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஷபானாவிடம் சொல்ல வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தீனாவை வரவழைத்தார். கடப்பாக்கல் திரும்பவும் உள்ளே வந்தது, வெள்ளைக் கல் குழாயடிக்குப் போனது. "பெர்சா கீற ஓட்டல்ல கூட இப்டி ஒரு கல்லுல துணி தொவைக்க மாட்டாங்க, அண்ணாத்த" என்று தீனா முனகினான். அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸ்மேல் மங்கல் பச்சையில் பெயின்ட் அடித்தார்கள், அது பளபளப்பை விழுங்கியது. பட்டை லைட்டின் முன்னால் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்தான். இப்போது விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் கல்லின்மேல் விழுந்தது. மேடை விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று இழுக்கச் சொன்னாள் வரலட்சுமி, மேடை எங்கே முடிகிறது என்று தெரிவதற்காக. அது அவளுடைய திட்டம். இந்தத் தடவை சாலமோன் சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அடுத்த நாள் சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்தவர் கைகால் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனார். இடியாப்பம் கவிழ்த்திருந்தது. அவள் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. இதில் தெரியாவிட்டால் இனி எதிலும் தெரியாது. ஆனால் தெரியாமல் இருந்துவிட்டு, தெரிகிறது என்று நடித்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? நூலை எடுத்து, நடுவில் இருந்ததன்மேல் கிடத்தினார்.

வரலட்சுமி திரும்பினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலாவதைப் பார்த்தாள், அடுக்கினாள். அடுத்தது. அடுத்தது. நடுவில் இருந்ததை எடுத்தவள் அதைச் சற்றுச் சாய்த்தாள். ஒரு முனை இடியாப்பத்தைத் தாண்டிக் கறுப்புக் கல்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் அதைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். நூல் முழுசாக வந்தது. அதைக் கல்லின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கடைசி இடியாப்பத்தையும் அடுக்கி டப்பாவை மூடிய பிறகுதான் கேட்டாள்.

"நீ போட்டதுதான?"

சாலமோன் கல் ஓரத்தில் கிடந்த நூலைப் பார்த்தார்.

"மாவு டிரம்முல வருது. சாக்கு நூலு எங்கேர்ந்து வரும்? உன் திருட்டுப் பீஸ் கதையக் கேட்டுகினுதான நானும் இத்தினி வருஷம் குடும்பம் நடத்தினேன்."

"தப்புதான் வரலு."

"அந்த வெள்ளைக் கல்லு இருந்தப்பவும் போட்டியா?"

பொய் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. "போட்டேன்" என்றார்.

"எடுத்தனா?"

"இல்ல."

வரலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டாள். கல்லின்மேல் கையை வைத்து, அதன் ஈரத்தைப் புறங்கையால் வழித்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது, அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

"சொட்டு மருந்து போட்டுகினுதான் கீறேன். ஆனா இன்னிக்கி தெரியறது எப்பவும் தெரியும்னு யாரும் சொல்லல. அந்த டாக்டரம்மாவே சொல்லல." டப்பா மூடியை இன்னொரு தரம் அழுத்திவிட்டாள். "இனிமேலும் போடு. எப்பவாச்சும், எனக்குத் தெரியாம. நான் எடுக்காத அன்னிக்கி நீயே சொல்லு. ஷபானா வந்து சொல்லக் கூடாது. அந்தப் பையன் போட்டோ எடுத்து ஊருக்குச் சொல்லக் கூடாது. நீ சொன்னா நான் நிறுத்திக்கறேன். என்ன பாத்து பாவப்பட்டு மறைக்காத. மறைக்க மாட்டன்னு சொல்லு."

"மாட்டேன்."

"பைபிள் மேல கை வெக்கச் சொல்லல. என்ன பாத்து சொல்லு."

அவர் அவளைப் பார்த்தார். "மறைக்க மாட்டேன், வரலு."

வாசலில் ஷபானாவின் ஸ்கூட்டி ஹாரன் கேட்டது. வரலட்சுமி டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பைப் போலவே நிமிர்ந்து நடந்து போனாள். சாலமோன் அந்த நூலை எடுத்து ஈரம் போகத் துடைத்து, சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.